ஏப்ரல் கடைசியில் வகுப்பை எப்படிக் கைமாற்றுவது?

போன ஜூலையில் இடைநிலை ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்த ஒரு டீச்சர் கேட்டிருக்கிறார். ஈராசிரியர் பள்ளி. 1, 2, 3 வகுப்புகள் அவர் பொறுப்பு. 4, 5 தலைமையாசிரியர் பொறுப்பு. "தேர்வு, எமிஸ் (மாணவர் விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்), பதிவேடுகள், மாணவர் சேர்க்கை, ஆண்டு விழா எல்லாம் ஏப்ரலில் ஒன்றாக வந்து விழுகின்றன. பிள்ளைகளோ இப்போதே விடுமுறைக்குப் போய்விட்ட மாதிரி இருக்கிறார்கள். கடைசி இரண்டு வாரத்தில் எதைச் செய்வது, எதை விடுவது? வகுப்பை எப்படி முடித்து வைப்பது? கடைசி நாளில் பரிசு ஏதாவது கொடுக்கலாமா?"

டீச்சர், திருவண்ணாமலை மாவட்டத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் எனக்கு இது 26ஆவது ஏப்ரல். முதல் ஏழெட்டு ஏப்ரல்களில் நானும் பதிவேட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, "சத்தம் போடாம படம் வரைங்க" என்று பிள்ளைகளை உட்கார வைத்தவள்தான். படம் வரைந்தே இரண்டு வாரம் ஓடும். ஏப்ரல் 30 அன்று எல்லாப் பதிவேட்டிலும் கையெழுத்து இருக்கும். ஜூனில் கதவைத் திறந்தால் எந்தப் பிள்ளை எங்கே நின்றது என்பது எனக்கே மறந்திருக்கும்.

நிலத்தைக் குத்தகைக்கு விடுகிறவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதில்லை. இந்த மூலையில் உவர், அந்த மடையில் தண்ணீர் நிற்காது, வேப்பமரத்து நிழலில் கடலை வராது என்று வரப்பிலேயே நடந்து காட்டிவிட்டுத்தான் போவார். வகுப்பும் அப்படித்தான். நாம் எதையும் முடிப்பதில்லை, அடுத்த கைக்குக் கொடுக்கிறோம். அந்தக் கை வேறு ஒரு டீச்சருடையதாக இருக்கலாம், 6ஆம் வகுப்பு உள்ள பள்ளியாக இருக்கலாம், ஒன்றரை மாதத்துக்கு அந்தப் பிள்ளையின் பாட்டியாக இருக்கலாம். எதைச் செய்வது, எதை விடுவது என்று குழம்பும்போதெல்லாம் நான் இதைத்தான் கேட்டுக்கொள்வேன்: இந்த வேலை யாருடைய கைக்காவது போய்ச் சேருமா?

இதை எனக்குப் புரியவைத்தவன் ஒரு 2ஆம் வகுப்புப் பையன். கரும்பலகையைத் தலை சாய்த்துப் பார்ப்பான். பின்னாலிருந்து எழுதச் சொன்னால் எழுந்து முன்னே வந்து, ஒரு வரி பார்த்து, ஓடிப்போய் எழுதிவிட்டு மறுபடி வருவான். நான் அவனை முன்வரிசையில் உட்கார வைத்தேன். பிரச்சினை தீர்ந்தது, எனக்கும் மறந்தது. அந்த மே மாதக் கலந்தாய்வில் எனக்கு மாறுதல் கிடைத்து வேறு ஒன்றியத்துக்குப் போய்விட்டேன். புது டீச்சர் உயரப்படி உட்கார வைத்தார். அவன் வளர்ந்த பையன், கடைசி வரிசை. டிசம்பர் வரைக்கும் அவன் "எழுதவே மாட்டேங்கிற" பையனாக இருந்திருக்கிறான். ஜனவரியில் மருத்துவக் குழு வந்தபோதுதான் கண்ணில் கோளாறு என்று தெரிந்ததாம். பழைய பள்ளிச் சமையலக்கா ஒரு கல்யாண வீட்டில் பார்த்தபோது சாதாரணமாகச் சொன்னார். சாப்பாடு இறங்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே ஒரு வரி. எழுதி வைக்க அரை நிமிடம் ஆகியிருக்கும்.

அதனால் உங்கள் முதல் வேலை, ஒரு 40 பக்க நோட்டு வாங்குவது. ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். எமிஸில் ஏற்றுவதற்கல்ல, அதிகாரிக்குக் காட்டுவதற்கும் அல்ல. ஜூனில் அந்த வகுப்பை எடுக்கப்போகிறவர் படிப்பதற்கு. அது நீங்களாகவே இருந்தாலும் எழுதுங்கள்.

அதில் "நன்றாகப் படிக்கிறாள்", "முயற்சி தேவை" என்று எழுதினால் நோட்டுக்குப் பிடித்த கேடு. நான் எழுதுவது இந்த மாதிரி இருக்கும்: "ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு இன்னும் மாறுகிறது, கெ–கே, கொ–கோ. மெதுவாகச் சொன்னால் தானே திருத்திக்கொள்கிறாள். 99 வரை எண் தெரியும். கூட்டல் சரி. கடன் வாங்கிக் கழித்தலில் கடன் கொடுத்த எண்ணைக் குறைக்க மறக்கிறாள். அம்மா பெங்களூரில் கட்டட வேலை, பாட்டியிடம் இருக்கிறாள், திங்கள்கிழமை தாமதமாக வருவாள், திட்ட வேண்டாம். தம்பியோடு உட்கார வைத்தால் இருவருமே எழுத மாட்டார்கள்." அவ்வளவுதான். இதைப் படிக்கிறவருக்கு ஜூன் மாதத்தில் மூன்று வாரம் மிச்சம்.

எமிஸில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை இருக்கிறதே (அரும்புதான் கீழ்ப்படி), அது போதாதா என்று கேட்பீர்கள். அந்த நிலைகளைக் கொண்ட எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் 1 முதல் 3 வரைக்கும் வந்தது, அடுத்த ஆண்டு 4, 5க்கும் வந்தது. வகுப்பைப் பார்க்காமல் பிள்ளை நிற்கும் இடத்தைப் பார்த்துப் பாடம் நடத்துவது என்ற அதன் அடிப்படையை நான் மதிக்கிறேன். ஆனால் 3ஆம் வகுப்பில் அரும்பு நிலையில் 5 பிள்ளைகள் இருந்தால், 5 பேரும் 5 இடத்தில் மாட்டிக்கொண்டிருப்பார்கள். ஒருத்திக்கு எழுத்தே பிடிபடவில்லை. ஒருவனுக்கு எழுத்து தெரியும், சேர்த்துப் படிக்க வரவில்லை. இன்னொருவன் வாய்விட்டுப் படிக்கக் கூச்சப்படுகிறான், தனியாகக் கூப்பிட்டால் மொட்டுக்காரனைவிட நன்றாகப் படிக்கிறான். நிலை என்பது ஊர்ப் பெயர் மாதிரி. நோட்டில் இருக்க வேண்டியது கதவு எண்.

இதைக் கண்டுபிடிக்க ஆளுக்கு ஐந்து நிமிடம் தனியாக உட்கார வேண்டும். தேர்வு வாரத்தில் தேர்வு முடிந்த பிறகு பிள்ளைகள் எப்படியும் சும்மாதானே இருக்கிறார்கள், அப்போது செய்யலாம். பாடப் புத்தகத்தை மட்டும் கையில் எடுக்காதீர்கள். ஏப்ரலுக்குள் அது பிள்ளைகளுக்கு மனப்பாடம். என் வகுப்பில் ஒரு பையன் விரல் வைத்துச் சுத்தமாகப் படித்துக்கொண்டே வந்தான், பக்கத்தைத் திருப்புவதற்கு முன்பே அடுத்த பக்கத்தின் முதல் வரியையும் படித்துவிட்டான்! வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் உங்கள் பள்ளிக்கும் வந்திருக்கும். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள். அதில் பிள்ளை பார்க்காத ஒன்றை எடுங்கள். அல்லது 4, 5க்கு வரும் ஊஞ்சல் இதழில் ஒரு பத்தி. எந்தச் சொல்லில் நிற்கிறது, நின்றால் என்ன செய்கிறது, ஊகிக்கிறதா, உங்கள் முகத்தைப் பார்க்கிறதா, அடுத்த வரிக்குத் தாவுகிறதா என்று கவனியுங்கள். நோட்டில் எழுத வேண்டியதெல்லாம் அந்த ஐந்து நிமிடத்திலேயே கிடைத்துவிடும்.

இதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், நம் தேர்ச்சிப் பட்டியல் யாரைப் பற்றியும் எதுவும் சொல்லாது. கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தபோது 8 வரை யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்றது. 2019இல் அதைத் திருத்தி, 5லும் 8லும் மாநிலங்கள் விரும்பினால் நிறுத்தலாம் என்று ஆக்கினார்கள். நம் மாநிலத்தில் 5, 8க்குப் பொதுத்தேர்வு என்று அறிவித்து, எதிர்ப்புக் கிளம்பி, 2020 பிப்ரவரியில் ரத்து செய்தார்கள். 2024 டிசம்பரில் மத்திய அரசு விதி கொண்டுவந்தபோதும், 8 வரை எல்லோருக்கும் தேர்ச்சி என்பதில் தமிழ்நாடு மாறவில்லை. எனக்கு அதில் முழுச் சம்மதம். 9 வயதுப் பிள்ளையை அதே வகுப்பில் உட்கார வைத்தால் எழுத்து வராது, வெட்கம்தான் வரும். ஆனால் எல்லோருக்கும் தேர்ச்சி என்று எழுதிவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டால், அந்தப் பிள்ளையைப் பற்றித் தெரிந்ததை நாமே மறைத்த மாதிரி ஆகிவிடுகிறது. அதற்குத்தான் அந்த நோட்டு.

சரி, பதிவேடுகள். இதை நீட்டி முழக்க ஒன்றுமில்லை. வளரறிக்கு (வகுப்பில் அவ்வப்போது செய்யும் மதிப்பீடு) 40, தொகுத்தறிக்கு (பருவ முடிவுத் தேர்வு) 60, அதைக் கூட்டித் தரநிலை போடுவது உங்களுக்கே தெரியும். வருகைப் பதிவேட்டில் மாத மொத்தத்தை அந்தந்த மாதமே போட்டு வைத்திருந்தால் ஏப்ரலில் அரை மணி நேர வேலை. இல்லாவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். தொடக்கப் பள்ளிக்குச் சட்டம் சொல்லும் 200 வேலை நாள், 800 மணி நேரம் என்ற கணக்கு கடைசி வாரத்தையும் சேர்த்துத்தான். இருப்புப் பதிவேட்டை மட்டும் தலைமையாசிரியரோடு சேர்ந்து, பொருளைக் கண்ணால் பார்த்து டிக் போடுங்கள். புதிதாக வந்தவர்கள் இதில் கூச்சப்பட்டு, பழைய பட்டியலை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். இல்லாத டேப்லெட்டுக்கு நீங்கள் பொறுப்பாகிவிடுவீர்கள். எமிஸ் வேலையைக் காலை 7 மணிக்கு முன்போ இரவு 9க்குப் பின்போ பாருங்கள். நடுவில் உட்கார்ந்தால் சுற்றிக்கொண்டே இருக்கும்.

தேதியை நம்பாதீர்கள். 2025இல் 1 முதல் 5 வரை இறுதித் தேர்வு ஏப்ரல் 9இல் தொடங்கி 21 வரை என்று சொல்லியிருந்தார்கள். வெயில் காரணமாக 7 முதல் 17 வரை என்று முன்னால் இழுத்தார்கள். 2024இல் தேர்தல், அப்புறம் வெயில். திறப்பு ஜூன் 6 என்றிருந்தது 10 ஆனது. எது முக்கியமோ அதைக் கடைசி நாளுக்கு வைக்காமல் முன்கூட்டியே முடித்துவிடுங்கள். கடைசி நாள் வராமலே போகலாம்.

பிள்ளைகள் உட்கார மறுக்கிறார்கள் என்கிறீர்கள். ஏப்ரல் வெயிலில் ஓட்டுக் கட்டடத்துக்குள் பெரியவர்களே உட்கார மாட்டார்கள். நான் அந்த நாட்களில் புதுப் பாடம் எதையும் எடுப்பதில்லை. கையில் வேலை கொடுப்பேன். அதில் எனக்கு மிகப் பிடித்தது விடுமுறை நோட்டு. ஆண்டு முடியும்போது ஒவ்வொரு பிள்ளையிடமும் பாதி எழுதிய நோட்டு நான்கைந்து இருக்கும். எழுதாத தாள்களை மட்டும் பிரித்தெடுத்து, அடுக்கித் தட்டி, கோணி ஊசியில் சணல் கோத்து நடுவில் மூன்று தையல் போட்டால் 30, 40 பக்கத்தில் ஒரு நோட்டு கிடைத்துவிடும். பழைய காலண்டர் அட்டை மேலட்டை. 3ஆம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே தைப்பார்கள், 1ஆம் வகுப்புக்கு நாம் தைத்துக் கொடுக்க வேண்டும். பக்கம் எண்ணுவது, இரண்டிரண்டாகப் பிரிப்பது, யாருக்கு எத்தனை தாள் குறைகிறது என்று பங்கு போடுவது எல்லாம் கணக்குத்தான். ஒரு மதியம் முழுக்க ஒரு சத்தம் வராது.

அதில் வீட்டுப்பாடம் எழுதி அனுப்பாதீர்கள். "ஒன்று முதல் நூறு வரை பத்து முறை" என்று அனுப்பினால் அக்காமார்கள் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். நான் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு சின்னக் கேள்வி மட்டும் எழுதுவேன். உன் ஊர் வழியாகப் போகும் பஸ்ஸில் எந்தெந்த ஊர்ப் பெயர் எழுதியிருக்கிறது? சந்தையில் தக்காளி என்ன விலை, அடுத்த வாரம் என்ன விலை? ஒரு பனங்காயில் எத்தனை நுங்கு இருந்தது? வீட்டில் இருக்கிற எல்லோர் பெயரையும் அவர்களிடமே கேட்டு எழுது. பாட்டி சொன்ன விடுகதை ஒன்று. பதில் ஒரு சொல்லாக இருந்தாலும் போதும். பள்ளி மூடியிருக்கும்போது பிள்ளைகள் நின்ற இடத்திலேயே நிற்பதில்லை. கொரோனாவுக்குப் பிறகு 2021இல் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 5 மாநிலங்களில் 2 முதல் 6 வரை படிக்கும் 16,067 பிள்ளைகளைச் சோதித்தபோது, 92 சதவீதம் பேர் முந்தைய ஆண்டில் தங்களிடம் இருந்த மொழித் திறனில் குறைந்தது ஒன்றை இழந்திருந்தார்கள். கணக்கில் 82 சதவீதம். கோடை விடுமுறை அவ்வளவு நீளம் இல்லைதான். ஆனால் அப்போதுதான் எழுத்துக்கூட்டத் தொடங்கிய பிள்ளைக்கு ஒன்றரை மாதம் என்பது பெரிய காலம்.

எங்கள் பக்கம் பொங்கல் முடிந்ததும் சில குடும்பங்கள் செங்கல் சூளைக்குப் போய்விடும், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. உங்கள் பள்ளியிலும் அப்படி இருந்தால், தேர்வுக்கு வரவில்லை என்பதற்காக அவசரப்பட்டுப் பெயரை நீக்கி எமிஸ் பொதுத்தொகுப்புக்கு (பள்ளியிலிருந்து பெயர் நீக்கப்பட்டவர்களின் பட்டியல்) அனுப்பிவிடாதீர்கள். ஜூனில் அவர்கள் திரும்பி வருவார்கள். முதலில் அப்பாவின் நம்பருக்கு ஒரு போன் பண்ணுங்கள். ஒரு வருஷம் அப்படிக் கிளம்பிய ஒரு 3ஆம் வகுப்புப் பெண்ணிடம் ஜனவரியிலேயே ஒரு நோட்டைத் தைத்துக் கொடுத்திருந்தேன். ஜூனில் கொண்டு வந்தாள். பாதிப் பக்கம் செம்மண் கறை. நான் எழுதிய கேள்வி ஒன்றைக்கூட அவள் தொடவில்லை. பக்கம் பக்கமாக நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு. நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு. ஒவ்வொரு நாளும் அம்மா அறுத்த கல்லை, பத்துப் பத்தாக எண்ணி ஒரு கோடு என்று கணக்கு வைத்திருக்கிறாள். சனிக்கிழமை மேஸ்திரி சொன்ன எண்ணிக்கைக்கும் இவள் கணக்குக்கும் இடிக்கிற இடத்தில் மட்டும் ஒரு வட்டம். அந்த ஆண்டு அவளுக்குப் பெருக்கல் நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

5ஆம் வகுப்பு உங்கள் பொறுப்பு இல்லை என்றாலும் ஈராசிரியர் பள்ளியில் அது உங்களிடமும் வரும். டி.சி. எழுதுவதற்கு முன், ஏப்ரல் முதல் வாரத்திலேயே ஒவ்வொரு பெற்றோரையும் கூப்பிட்டுப் பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி மூன்றையும் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். சேர்க்கைப் பதிவேட்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பிறப்புச் சான்றில் இன்னொன்று என்று இருக்கும். விக்னேஷா விக்னேஸ்வரனா, அப்பா பெயரில் கடைசி எழுத்து என்ன என்பதெல்லாம் இப்போது பத்து நிமிட வேலை. இதே பெயர்தான் 10ஆம் வகுப்புச் சான்றிதழ் வரைக்கும் போகும். அங்கே போய்த் திருத்த அலைகிற அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன். டி.சி.யைக் கேட்டவுடன் கொடுத்துவிட வேண்டும், தாமதித்தால் தலைமையாசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கை என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவிலேயே இருக்கிறது. டி.சி. வரவில்லை என்பதைக் காரணம் காட்டி அடுத்த பள்ளி சேர்க்கையை மறுக்கவும் கூடாது. இதைப் பெற்றோரிடமும் சொல்லி அனுப்புங்கள்.

தாளைவிட முக்கியம், அந்தப் பிள்ளைகளை ஒரு நாள் புதுப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போவது. 6ஆம் வகுப்புக்குப் போகாமல் நின்றுவிடுகிற பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால் வறுமை என்போம், தூரம் என்போம். இரண்டும் உண்மை. ஆனால் 10 வயதுப் பிள்ளையிடம் கேட்டால் வேறு பதில் வரும். என்னோடு வந்த பெண் பிள்ளைகள் நடுநிலைப் பள்ளி வாசலில் கேட்ட முதல் கேள்வி, "டாய்லெட் எங்க இருக்கு டீச்சர், கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கா?" பையன்கள் கேட்டது, "பெல் அடிச்சா வேற சார் வருவாரா? அப்ப நம்ம சார் யாரு?" அங்கே 6ஆம் வகுப்பு டீச்சர் அரை மணி நேரம் பேசினார், அவர்கள் பள்ளியில் சத்துணவு சாப்பிட்டோம், நம் ஊரிலிருந்து போய் 7ஆம் வகுப்பு படிக்கும் ஓர் அக்கா எல்லா இடத்தையும் காட்டினாள். போகும்போது வரிசையாகப் போனவர்கள், வரும்போது ஓடி வந்தார்கள். அந்த ஆண்டு 11 பேரும் 6இல் சேர்ந்தார்கள். தலைமையாசிரியரும் தன் வகுப்புக்கு நோட்டு எழுதச் சம்மதித்தால் 5ஆம் வகுப்புப் பக்கங்களை மட்டும் நகல் எடுத்து அந்த 6ஆம் வகுப்பு டீச்சரிடம் கொடுத்துவிடுங்கள். முதலில் சிரிப்பார். ஜூலையில் போன் பண்ணுவார்.

காலைச் சிற்றுண்டி 1 முதல் 5 வரை எல்லோருக்கும் இருக்கிறது, மதியம் சத்துணவு. விடுமுறை என்றால் சில வீடுகளில் இரண்டு வேளைக்குப் புதிதாக அரிசி வேண்டும் என்று அர்த்தம். கடைசி வாரத்தில் எந்தப் பிள்ளை வழக்கத்தைவிட அதிகமாகக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறது என்று சமையலக்காவுக்குத் தெரியும். அவரிடம் கேளுங்கள். நம்மால் எல்லாம் செய்ய முடியாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெயர் சொல்லாமல் பேசினால் ஊரில் யாராவது ஒருவர் செய்வார்கள்.

சுவர், அலமாரி. இதில் நான் பட்டது நீங்கள் படக் கூடாது. செலோ டேப் ஒட்டிய சார்ட்டை இழுத்தால் சுண்ணாம்போடு வரும். நகத்தால் ஓரத்தைக் கிளப்பி மெதுவாக உருட்டுங்கள். மைதாப் பசை என்றால் ஈரத்துணியைக் கொஞ்ச நேரம் ஒற்றி வையுங்கள். எழுத்து அட்டைகளை வகை பிரித்து ரப்பர் பேண்டு போடாதீர்கள், வெயிலில் உருகி ஒட்டிக்கொள்ளும்; நூலால் கட்டுங்கள். ஒரு வருஷம் வாசிப்புக் களத்துப் புத்தகங்களை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு சுவரோரம் தரையில் வைத்துவிட்டுப் போனேன். மே மாதம் இரண்டு கோடை மழை. ஜூனில் பெட்டியைத் தூக்கினேன், மேலே நான்கு புத்தகமும் கீழே மண்ணும்தான் இருந்தது. கரையான் அட்டைப் படங்களை மட்டும் எப்படியோ பாதி விட்டு வைத்திருந்தது. அன்றிலிருந்து எல்லாம் இரும்புப் பீரோவில், தரையிலிருந்து நான்கு செங்கல் உயரத்தில், காய்ந்த வேப்பிலையோடு.

பிள்ளைகள் வரைந்து சுவரில் ஒட்டியிருப்பதை மட்டும் நீங்கள் எடுக்காதீர்கள், அவரவர் கையாலேயே எடுக்கச் சொல்லுங்கள். ஜூனில் யார் வரப்போகிறார்களோ அவர்களுக்காக ஒரு சுவரைக் காலியாக விடுங்கள். மற்றதை அப்படியே விட்டால் குற்றமில்லை. திறக்கும்போது வெற்றுச் சுவரைப் பார்க்கிற 1ஆம் வகுப்புப் பிள்ளை அழும்.

அந்த 1ஆம் வகுப்புப் பிள்ளைகள் யார் என்று இப்போதே உங்களுக்குத் தெரியும், அங்கன்வாடியில் இருக்கிறார்கள். சேர்க்கைப் பேரணிக்குப் பேனர் பிடிப்பதைவிட, ஏப்ரலில் ஒரு நாள் அவர்களை வரவழைத்து 3ஆம் வகுப்புப் பிள்ளைகளைக் கதை சொல்லச் சொன்னால் சேர்க்கை தானாக வரும். வீட்டில் போய் அடம்பிடிப்பார்கள்.

ஆண்டு விழா: தலைமையாசிரியர் விருப்பம். நடத்துவதாக இருந்தால் மார்ச்சிலேயே நடத்திவிடச் சொல்லுங்கள். ஏப்ரலில் நடத்தினால் நடனப் பயிற்சிக்காகவே ஒரு வாரம் போகும், அதுவும் நான்கு பிள்ளைகளுக்கு.

பரிசு பற்றிக் கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். முதல் மூன்று இடம் என்று மேடையில் கூப்பிட்டு எவர்சில்வர் டப்பா கொடுப்பதை நான் 2009இல் விட்டுவிட்டேன். 1 முதல் 5 வரை அதே மூன்று வீட்டுப் பிள்ளைகள்தான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். இப்போது கடைசி நாளில் எல்லோருக்கும் ஒரு கடலை மிட்டாய், ஒரு பென்சில், ஒரு துண்டுச் சீட்டு. சீட்டில் அந்த ஆண்டு அந்தப் பிள்ளை உண்மையிலேயே செய்த ஒன்று. சும்மா புகழ்ந்து எழுதினால் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும், அதனால் ஒரு வாரம் முன்பே யோசித்து எழுதி வைப்பேன். "பைப்பை யார் திறந்துவிட்டாலும் போய் மூடியது நீ." "பயந்துகொண்டே வந்த புதுப் பெண்ணுக்கு முதல் நாள் உன் பாயில் இடம் கொடுத்தாய்." "ஏழாம் வாய்ப்பாட்டில் மூன்று முறை தப்பி நாலாவது முறை சொன்னாய்." ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்துக் கொடுப்பேன். சமையலக்காவுக்கும் ஒரு சீட்டு உண்டு; அதைப் பிள்ளைகளே எழுதுவார்கள். போன வருஷம் அதில் முதல் வரி, "அக்கா, வெண்பொங்கல்ல மிளகு கம்மியா போடுங்க."